அன்னக்கொடியின் கை

மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டரை யாராவது டாக்டர் என்று கூப்பிட்டால் அந்தக் கம்பவுண்டர் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நான் இருக்கவில்லை. கோச்சடைக்குப் பக்கத்தில் வைகைக் கரையோரம் இருந்த ஒரு கிளை மருந்தகத்துக்கு 1978இல் நான் மாற்றலாகி வந்தபோது அங்கே டாக்டர் பதவி காலி. வருவார், வருவார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வாரத்தில் ஒரு நாள் வேறு ஊரிலிருந்து ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் ஊசி போடுவது, மருந்து கலக்குவது, கோழிக்குச் சொட்டு மருந்து விடுவது, கன்று போடத் திணறும் மாட்டுக்குப் பக்கத்தில் நின்று வேர்ப்பது எல்லாம் நான்தான். ஒரே மாதத்தில் ஊர்க்காரர்கள் என்னை ‘டாக்டர் சார்’ ஆக்கிவிட்டார்கள். நானும் திருத்தவில்லை. என் மனைவி ஆனிமேரிக்குக் கொட்டாம்பட்டிப் பக்கம் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. நான் இங்கே ஒரு அறையில் ஸ்டவ் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டு ஒண்டிக்கட்டையாக இருந்தேன். அந்த நிலைமையில் நாலு பேர் டாக்டர் என்று கூப்பிட்டால் கசக்கவா செய்யும்?

என்னைக் கடைசிவரை கம்பவுண்டர் சார் என்றே கூப்பிட்டது ஒரே ஒரு ஆள்தான், அன்னக்கொடி அக்கா. நான் ஒரு காலை நேரத்தில் வாய்விட்ட மூன்று வார்த்தையால் பிழைப்பு போனதும் அவருக்குத்தான்.

அவர் சொந்தமாக மாடு வைத்திருந்ததில்லை. அடுத்த வீட்டு மாடுகளைக் கறந்து கொடுப்பதுதான் அவர் தொழில். ஆற்றோரத் தெருவிலும் அதற்குப் பின்னால் இருந்த சந்திலுமாகப் பதினோரு வீடு. விடியற்காலையில் ஒரு சுற்று, பிற்பகலில் ஒரு சுற்று. நாற்பது வயதுக்கு ஒன்றிரண்டு மேலே இருக்கும். ஒல்லியான உடம்பு, அந்த உடம்புக்குப் பொருந்தாத பெரிய கை. கட்டைவிரலை மடக்கி அதன் முட்டியால் காம்பை அழுத்திக் கறந்து கறந்து, அந்த முட்டியில் கொட்டைப்பாக்கு அளவுக்குக் காய்த்துப் போயிருந்தது.

புருஷன் பெயர் தவசி. லாரியில் கிளீனராகப் போனவர், கம்பம் பக்கம் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். செத்துப்போயிருந்தாலாவது ஊர் நாலு நாள் கூட உட்கார்ந்து அழுதிருக்கும். இது அந்தக் கணக்கிலும் வரவில்லை. பிள்ளை கிடையாது. பிறந்த வீட்டில் அண்ணன்மார் இருந்தார்கள், ஆனால் அண்ணிமாரும் இருந்தார்கள். ரைஸ்மில் மதிலை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கி அதில் இருந்தார். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் கடைசி இலை. வளைகாப்புக்கு யாரும் சொல்லி அனுப்புவதில்லை. தாலி கழுத்தில் கிடந்தும் அது எதற்குமான தாலி இல்லை என்று ஊரே சேர்ந்து முடிவு செய்திருந்தது.

ஆனால் மாடு கன்று போட்டால் அதே ஊர் அவரைத் தேடி ஓடும். முக்கியமாகத் தலையீத்து மாடு, அதாவது முதல் கன்று போட்ட மாடு. மடியைத் தொட்டாலே உதைக்கும். செம்பு ஒரு பக்கம் பறக்கும், கறக்கப் போனவர் ஒரு பக்கம் பறப்பார். அன்னக்கொடி அக்கா போய் அதன் விலாவில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்காருவார். “ஏத்தா, ராவெல்லாம் ஈ கடிச்சுச்சா? அம்புட்டுக் கோவமா? அந்தக் காலை அங்கிட்டு வையி, நான் எங்கேயும் போகல” என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே காம்பில் விரலை வைப்பார். மாடு சிலிர்த்துவிட்டு நின்றுவிடும். மனிதர்களோடு ஒரு நாளைக்கு அவர் பேசுவது பத்து வார்த்தை இருக்கலாம். மாடுகளோடு பேசுவதற்கு அளவே கிடையாது.

“அன்னக்கொடி கைராசிக்காரி. அவ கை பட்டா வத்தாம கறக்கும்” என்பார்கள். முதல் பால் அவர் கறந்தால் அந்த ஈத்து முழுக்க மடி குறையாது என்பது நம்பிக்கை. வெற்றிலை பாக்கும் ஒரு படி அரிசியும் வைத்துக் கூப்பிடுவார்கள். அந்த ஒரு இடத்தில்தான் அவர் முன்வரிசை ஆள்.

இந்தக் கைராசியோடு சேர்ந்து ஒரு வழக்கமும் இருந்தது. ஒரு வீட்டில் கறந்து முடித்ததும் அந்தப் பால் கையைக் கழுவக் கூடாது. கழுவினால் அந்த வீட்டுப் பால் தண்ணீரோடு போய்விடுமாம். “பால் கையை எங்க வாசல்ல கழுவிப்புடாத அன்னக்கொடி” என்று வீட்டுப் பெண்களே சொல்லுவார்கள். அவர் அந்த ஈரக் கையோடு அடுத்த வீட்டுக்குப் போவார். இடுப்பில் சின்னத் தகர டப்பாவில் விளக்கெண்ணெய் இருக்கும். அதே விரலை அதில் தொட்டுத்தான் அடுத்த மாட்டின் காம்பில் தடவுவார். பதினோராவது வீடு முடிந்த பிறகு ஆற்றில் இறங்கிக் கையைக் கழுவுவார். நான் மூன்று வருடம் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மருந்துப் பெட்டியும் கையுமாக அலைந்த எனக்கு அது ஒரு தடவைகூட உறைக்கவில்லை.

கட்டைவிரல் காய்ப்பு வெடித்து ரத்தம் வந்தால் மருந்தகத்துக்கு வருவார். மாட்டுக்குப் போடும் டிஞ்சரைத்தான் போட்டுவிடுவேன். எரிச்சலில் முகம் சுளித்துக்கொண்டே, “எந்த மாட்டு மருந்து சார் இது?” என்பார். “உதைக்கிற மாட்டு மருந்துக்கா” என்பேன். சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் இரண்டு வார்த்தை பேசி இருக்கச் செய்வேன். எனக்கும் பேச ஆள் இல்லை.

எண்பதாம் வருடத்து வாக்கில் ஜெர்சிக் கலப்பு மாடுகள் ஊருக்குள் வந்தன. நாட்டு மாடு இரண்டு லிட்டர் கறந்த இடத்தில் இது எட்டு லிட்டர் கறந்தது. மடி குடம்போலத் தொங்கும், படுத்தால் சேறு முழுக்க மடியில் இருக்கும். அதற்கு ஏற்ற கொட்டகை யாரிடமும் இல்லை. அது வெளியூர் மாடு, நம் ஊர் ஈரம் ஆகாது என்று அவர்களுக்குச் சொல்லவும் யாரும் இல்லை. சொல்ல வேண்டிய ஆள் நான்தான். நான் தடுப்பூசிப் பதிவேட்டை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

எண்பத்தொன்று ஐப்பசியில் அடைமழை. ஆற்றோரத் தெருவில் ஒச்சாயி என்று ஒரு அம்மாள். குரல் தெருக்கோடி வரை கேட்கும், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார். அவருடைய ஜெர்சிக்கு ஒரு காலை வலது பின்காம்புப் பக்கம் மடி கல்லாக வீங்கிவிட்டது. தொட்டால் கை சுட்டது. பால் மோர்த்தண்ணீராக வந்தது, அதில் திரித்திரியாகத் தயிர்க்கட்டி. மடிநோய். ஊசி போட்டேன், காம்புக்குள் ட்யூப் மருந்து ஏற்றினேன். இரண்டு நாளில் அடுத்த வீட்டு மாடு. பிறகு அதற்கடுத்தது. மூன்று வாரத்தில் ஏழு மாடு. ஒரு மாட்டுக்குப் பாலோடு ரத்தம் வந்தது. ஒரு மாட்டுக்கு ஒரு காம்பு நிரந்தரமாக அடைத்தே போனது. யாருடைய கண் பட்டதோ என்று வேப்பிலை கட்டினார்கள், மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து மடியில் பூசினார்கள். ‘டாக்டர் சார், டாக்டர் சார்’ என்று வாசலில் வந்து நின்றார்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு கிழிந்த குடைத் துணியை வெட்டி டம்ளர் வாயில் இழுத்துக் கட்டி, வீடு வீடாகப் போய் ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் பாலை அதில் பீய்ச்சச் சொன்னேன். கறுப்புத் துணியில் சின்னத் திரிகூடப் பளிச்சென்று தெரியும். எந்த வீட்டில் நோய், எந்த வீட்டில் இல்லை என்று ஒரு தாளில் குறித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அப்போது டிஞ்சருக்காக அன்னக்கொடி அக்கா வந்தார். சும்மா கேட்டேன், “அக்கா, நீங்க எந்த வீட்டுல ஆரம்பிச்சு எந்த வீட்டுல முடிப்பீங்க?” அவர் விரலை மடக்கி மடக்கி வரிசையாகச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.

முதல் மூன்று வீட்டில் நோய் இல்லை. நாலாவது ஒச்சாயி வீடு. அங்கே ஆரம்பித்துப் பத்தாவது வீடு வரை விடாமல் நோய். பதினோராவது வீட்டில் மாடு சினை, கறவை இல்லை. ஆறாவது வீட்டுக்கும் ஏழாவது வீட்டுக்கும் நடுவில் போஸ்ட்மேன் மைக்கேல்ராஜ் வீடு. அங்கே அவர் மனைவி பிலோமினாளே கறந்துகொள்வார். அந்த மாட்டுக்கு ஒன்றும் இல்லை. நோய் அன்னக்கொடி அக்காவின் காலடியை ஒட்டியே தெருவில் நடந்து போயிருந்தது. அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. டாக்டர் இல்லாத ஊரில் டாக்டர் வேலை பார்த்துவிட்டேன் என்ற சந்தோஷம். எதிரே உட்கார்ந்து விரலை ஊதிக்கொண்டிருந்த மனுஷியை நான் அந்த நேரம் மறந்தே போனேன்.

மறுநாள் காலை பால் சொசைட்டியில் எல்லாரும் கேனோடு நின்றிருந்தார்கள். செக்ரெட்டரி சோணைமுத்து பால் அளந்துகொண்டே கேட்டார், “டாக்டர் சார், என்னதான் காரணம்? யாரு கண்ணுன்னு தெரிஞ்சுச்சா?”

“கண்ணும் இல்ல, மண்ணும் இல்ல” என்றேன். “கைதான் காரணம். அன்னக்கொடியக்கா கை சரியில்ல.”

சுத்தம் இல்லை என்ற அர்த்தத்தில் சொன்னேன். அந்த ஊரில், அந்த மாவட்டம் முழுக்கவே, ஒருவருடைய கை சரியில்லை என்றால் அழுக்கு என்று யாரும் அர்த்தம் செய்துகொள்வதில்லை. கைராசி போய்விட்டது, தொட்டது விளங்காது என்றுதான் அர்த்தம். எனக்குத் தெரியாத பேச்சா? நானும் இதே மண்ணில் பிறந்தவன்தான். என் மேதாவித்தனத்தில் நாக்கு முந்திக்கொண்டது. அதற்குப் பிறகு கிருமி, நோய்ப் பாலின் ஈரம், எண்ணெய் டப்பா, கழுவ வேண்டும் என்று அரை மணி நேரம் பேசினேன். ஒருவர் காதிலும் ஏறவில்லை. கேன்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ பின்னாலிருந்து, “அதான பாத்தேன்” என்றார்கள்.

அன்று பிற்பகலே ஒச்சாயி கொட்டகை வாசலில் நின்று, “இன்னிக்கு நானே பாத்துக்கிறேன்த்தா” என்று சொல்லிவிட்டாராம். மூன்று நாளில் பதினோரு வீட்டு வாசலும் அவருக்கு அடைபட்டுவிட்டது. நோயே வராத முதல் மூன்று வீடும் சேர்த்துத்தான்.

நாலாம் நாள் காலை அன்னக்கொடி அக்கா மருந்தகத்துப் படியில் உட்கார்ந்திருந்தார். எத்தனை நேரமாக என்று தெரியவில்லை.

“கம்பவுண்டர் சார், என் கை கெட்டுப்போச்சுன்னு சொன்னீகளாம்.”

“நான் அப்படிச் சொல்லலக்கா. ஒரு மாட்டுக் கிருமி உங்க கை ஈரத்துல அடுத்த மாட்டுக்குப் போயிருது. அம்புட்டுத்தான். கழுவினாப் போச்சு.”

உள்ளே ஓடிப்போய் ஒரு பேசினில் தண்ணீர் கொண்டுவந்து, கிணற்றுக்குப் போடுகிற சிவப்பு மருந்தைக் கலந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் கையை அதில் விடவில்லை. மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அழுக்குன்னா கழுவலாம். ராசி போனா கழுவினா வருமா?”

“ராசியெல்லாம் ஒண்ணும் கிடையாதுக்கா. அது சும்மா சொல்றது.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “அப்ப இம்புட்டு நாளா என் கையில இருந்தது என்ன சார்?”

கை கெட்டது என்பது பொய் என்றால், அந்தக் கை நல்லது என்பதும் பொய்யாகிவிடுகிறது. அவரிடம் மொத்தமாக இருந்ததே அந்த ஒன்றுதான். ஒரு பொய்யை எடுக்கப் போய் இரண்டையும் பிடுங்கிவிட்டேன். அவர் எழுந்து, “வாரேன் சார்” என்று போய்விட்டார்.

பதினோரு வீட்டுக்கும் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள். “சரி சார், சரி சார், நீங்க சொன்னாச் சரிதான்” என்றார்கள். “நீங்க சொன்னதைத்தான சார் கேட்டோம்” என்றார் ஒருவர். அதற்கு மேல் என்ன பேச? அவர்கள் சமயநல்லூரிலிருந்து பால்பாண்டி என்று ஒரு ஆளைப் பிடித்துவிட்டார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லாத நாளில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் குறுக்காக நடந்து வருவான். அவனும் கை கழுவுவதில்லை. விளக்கெண்ணெய்கூடக் கிடையாது, பால் நுரையில் விரலை நனைத்துக்கொள்வான். நோய் நிற்கவில்லை. ஆனால் யாரும் பால்பாண்டி கை சரியில்லை என்று சொல்லவில்லை. பனி அதிகம் என்றார்கள், தவிடு சரியில்லை என்றார்கள்.

ஒச்சாயியின் மாட்டுக்கு இன்னொரு காம்பிலும் நோய் ஏறியது. மருந்து மட்டும் போதாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அந்தக் காம்புகளில் உள்ளதை ஒட்டக் கறந்து வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் மடியே போய்விடும் என்றேன். பால்பாண்டி மூக்கைப் பிடித்துக்கொண்டு, “சீழைப் பிதுக்க நான் ஆளில்ல டாக்டர் சார்” என்று சைக்கிளில் ஏறிவிட்டான். ஒச்சாயி என் பக்கம் திரும்பினார்.

“சார், அன்னக்கொடியவே கூப்பிடுவமா? கெட்ட பாலுக்கு அந்தக் கை போதும்ல?”

வன்மமாகச் சொல்லவில்லை. பழைய சாக்கைக் கால் துடைக்கப் போடுவதில்லையா, அந்த மாதிரி சாதாரணமாகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அதற்கு முன்னால், அப்பாடா, ஒரு வழி கிடைத்தது என்றுதான் தோன்றியது. நானே மில்லுக்குப் போய்க் கூப்பிட்டேன். கறவை போனதிலிருந்து அவர் அங்கே கூலிக்கு உமி கூட்டிக்கொண்டிருந்தார். என்ன, ஏது என்று கேட்காமல் துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்தார்.

ஒச்சாயி மூன்று நிபந்தனை போட்டார். கொல்லை வழியாகத்தான் வர வேண்டும், பக்கத்தில் கட்டியிருக்கும் நல்ல மாட்டைத் தொடக் கூடாது, கறந்ததைக் குழியில் ஊற்றிச் சுண்ணாம்பு போட வேண்டும். மூன்றுக்கும் தலையாட்டினார். தொடும் முன்னும் தொட்ட பின்னும் சிவப்புத் தண்ணீரில் கை கழுவ வேண்டும் என்று நான் சொன்னதற்கும் தலையாட்டினார். சுத்தத்துக்காக என்று நான் நினைத்தேன். தண்டனை என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போது தெரியாது. காலையிலிருந்து பொழுது சாயும் வரை அந்த மாட்டின் காலடியிலேயே கிடந்தார். சூடு நீரில் துணி நனைத்து ஒற்றினார். வலியில் மாடு உதைத்தால், “தெரியுதுத்தா, தெரியுதுத்தா” என்பார். மாட்டின் விலாவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, இரண்டு மாதமாக எங்கேயும் சாயாத தலை அது என்று எனக்குப் பட்டது.

ஒன்பதாம் நாள் என்னைக் கூப்பிட ஆள் அனுப்பாமல் தானே ஓடிவந்தார். “கம்பவுண்டர் சார், வெள்ளையா வருது! திரி இல்ல, ஒண்ணும் இல்ல!” குடைத் துணியில் பீய்ச்சிப் பார்த்தேன். நல்ல பால். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. ஒச்சாயி வந்து பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு, “போதும்த்தா, நீ இனிமே வர வேணாம். நல்ல பால் வந்துருச்சுல்ல, காலையில பால்பாண்டி கறந்துக்கிருவான்” என்றார்.

அன்னக்கொடி அக்கா, “சரித்தா” என்று மாட்டின் முதுகை ஒரு தடவை தடவப் போனார். பாதியில் கையை இழுத்துக்கொண்டார்.

அடுத்த இரண்டரை வருடம் இப்படித்தான் போனது. எந்த வீட்டிலாவது மடி வீங்கினால் அவருக்குச் சொல்லி அனுப்புவேன். சீழும் ரத்தமும் வரும் வரை அந்த மாடு அவருடையது. பால் வெளுத்த அன்றைக்கு அவரைப் போகச் சொல்லிவிடுவார்கள். பதினான்கு மாடு இப்படித் தேறியது. மருந்தின் மகிமை என்றார்கள், டாக்டர் சாரின் கைராசி என்றுகூடச் சொன்னார்கள். அந்த வார்த்தையை என்மேல் போட்ட அன்றைக்கு நான் ஸ்டவ் பற்றவைக்காமலே படுத்துவிட்டேன்.

இடையில் நான் சோணைமுத்துவைப் பிடித்துச் சொசைட்டி விதியாகவே ஒன்றைக் கொண்டுவந்தேன். கறப்பவர் யாராக இருந்தாலும் வீட்டுக்கு வீடு சிவப்புத் தண்ணீரில் கை கழுவ வேண்டும். பால்பாண்டி முனகிக்கொண்டே கழுவினான். ‘பால் கையைக் கழுவாதே’ என்ற பெண்களே வாளியை எடுத்து வைத்தார்கள். நோய் குறைய ஆரம்பித்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு மாடு, பிறகு நாலு மாதத்துக்கு ஒன்று.

தினமும் காலையில் மில்லுக்குப் போகும் வழியில் அன்னக்கொடி அக்கா மருந்தகத்துக் கேட்டில் நிற்பார்.

“எங்கிட்டாச்சும் மடி வீங்கியிருக்கா சார்?”

“இல்லக்கா.”

“நல்லது சார்” என்று போவார். நிஜமாகவே நல்லது என்றுதான் சொன்னார், அதில் ஒரு சந்தேகமும் இல்லை. மாடு நோகக் கூடாது என்று அவரைவிட அதிகமாக நினைத்தவர் அந்த ஊரில் இல்லை. ஆனால் கேட்டைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நிற்பார். ஒருநாள் அப்படி நின்றபடியே சொன்னார், “மாட்டு வயித்துல தலையைச் சாச்சா கதகதன்னு இருக்கும் சார். உள்ள அசை போடுற சத்தம் கேக்கும். மில்லுல மிசினுச் சத்தந்தான். அது மேல சாய முடியுமா?” சொல்லிவிட்டு, ஏதோ கூடாததைப் பேசிவிட்டது மாதிரி விறுவிறுவென்று போய்விட்டார்.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். யார் வீட்டிலாவது மடிநோய் என்று ஆள் வந்தால் எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன மகிழ்ச்சி வரும். போய் அக்காவைக் கூப்பிடலாம், கொட்டகையில் நின்று நாலு வார்த்தை பேசலாம். மாட்டு வைத்தியன் மாட்டுக்கு நோய் வந்ததில் சந்தோஷப்படுவது என்ன பிழைப்பு?

எண்பத்து நாலில் ஒன்பது மாதம் ஒரு மாட்டுக்கும் மடிநோய் வரவில்லை. மேலிடத்திலிருந்து பாராட்டிக் கடிதம் வந்தது. கூடவே நான் ஐந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த மாற்றலும் வந்தது. கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில், ஆனிமேரியின் பள்ளிக்கூடத்திலிருந்து நடக்கிற தூரம். குதித்திருக்க வேண்டும். அன்றைக்குக் காலையும் அன்னக்கொடி அக்கா கேட்டில் நின்று கேட்டார். “இல்லக்கா” என்றேன். “நல்லது சார்” என்று போனார். நான் போய்விட்டால் நாளைக்கு அவர் யாரிடம் கேட்பார் என்று நினைத்தபோது கடிதத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

அந்த வாரமே பிலோமினாள் அம்மாள் கொட்டகையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அந்த வீட்டுப் பசு கன்று போட்டு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மைக்கேல்ராஜ் என்னிடம் வந்தார். “டாக்டர் சார், பால்பாண்டிக்கு நேரம் இல்லையாம். அந்த அன்னக்கொடியம்மாவ வரச் சொல்ல முடியுமா? எங்க வீட்டுல ராசி பாக்குற பழக்கம் இல்ல. கையைக் கழுவினாச் சரி. வீட்டுக்காரி கை கூடின பிறகும் அவங்களே கறக்கட்டும், அவளுக்கும் வயசாச்சு.”

நான் மில்லுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் நிஜமாகவே ஓடினேன். நோய் இல்லாத மாடு, தினமும் இரண்டு வேளை, முன்வாசல் வழியாக. மூன்று வருடத்துக்கு முன்னால் நான் உடைத்ததை ஊரைவிட்டுப் போகும் முன் நானே ஒட்டவைத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். அன்னக்கொடி அக்கா நான் சொல்லச் சொல்லக் கேட்டார். சாய்ப்புக்குள் போய் வெளுத்த சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார்.

பிலோமினாள் அம்மாள் மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கே வந்து, “வாங்கம்மா, உள்ள வாங்க” என்றார். கொட்டகையில் சிவப்புத் தண்ணீர் வாளி தயாராக இருந்தது. அன்னக்கொடி அக்கா கழுவினார். கையை உதறிவிட்டு மறுபடி கழுவினார். மூன்றாம் தடவை நகக்கண்ணெல்லாம் தேய்த்துக் கழுவினார். கன்றை ஊட்டவிட்டு இழுத்துக் கட்டினார்கள். பசுவுக்குப் பால் சுரந்து நாலு காம்பும் விறைத்து நின்றது. ஒரு காம்பிலிருந்து தானாகவே சொட்டியது. அக்கா செம்பை முழங்காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நெற்றியை விலாவில் வைத்தார். பசு தலையைத் திருப்பி அவர் தோளை முகர்ந்துவிட்டு நின்றது.

அவர் கை மடி வரை போய் நின்றுவிட்டது.

“என்னக்கா?”

“வேணாம் சார்.”

“ஏன், உதைக்குதா?”

“இல்ல சார். இது நல்ல மாடு.”

“நல்ல மாடுதான். நீங்க கழுவிட்டீங்கள்ல? மூணு தடவை கழுவினீங்க, நான் பாத்தேன்ல?”

“நோவு மாடுன்னா தொட்டுருவேன் சார். அது ஏற்கெனவே கெட்டிருக்கு, என் கையால அதுக்குப் புதுசா என்ன வந்துறப் போகுது? இது ஒரு குறையும் இல்லாம நிக்கிது. இது மேல என் கையை வைக்கச் சொல்லாதீக.”

எத்தனையோ சொன்னேன். பதினாலு மாடு தேறியதைச் சொன்னேன். கிருமி என்றேன், சத்தியம் என்றேன், கடைசியில் கத்தினேன். அவர் செம்பைக் கவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார். கன்றின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அது முட்டி முட்டிக் குடிக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பின்பக்கம் வழி இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததால் சுவரை ஒட்டி நடந்து முன்வாசலைத் தாண்டி மில்லுப் பக்கம் போனார்.

பிலோமினாள் அம்மாள் பதறிப்போய் என்னிடம் கேட்டார், “ஏன் சார் போறாங்க? நான் ஏதும் தப்பா சொல்லிட்டேனா?”

“நீங்க இல்லம்மா” என்றேன். “நான்தான் சொன்னேன்.”